சூவோனை மன்னிக்கச் சொல்லாதீர்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், 'அகாட்சுகி நோ யோனா' என்கிற ஜப்பானியச் சித்திரக்கதைத் தொடரின் (மங்கா) முக்கியமான முடிச்சுகள் எல்லாம் இந்தப் பதிவில் அவிழும். படிக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இப்போதே கழன்றுகொள்ளுங்கள், அப்புறம் வந்து என்னைத் திட்டக் கூடாது.

இந்தத் தொடரை எனக்குக் காட்டியது அக்கா பெண். பன்னிரண்டாவது படிக்கிறாள். "சித்தி, ஒரு பாகம் மட்டும் படிச்சுப் பாருங்க" என்றாள். ஒரு பாகத்தோடு நிறுத்துகிற ஆளா நான்? மிசுஹோ குசனாகி 2009இல் 'ஹனா டு யூமே' இதழில் எழுத ஆரம்பித்தது, நாற்பது தொகுதிக்கு மேல் போகிறது. மூன்று வாரம் இரவு தூக்கம் போச்சு. படித்துவிட்டு மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினால், திரும்பத் திரும்ப இரண்டே புலம்பல். ஒன்று, காதல் ஆமை வேகத்தில் போகிறது. இன்னொன்று, சூவோன் பாவம், நல்ல ராஜா, அவனைப் போய் திட்டுகிறீர்களே.

இரண்டுமே எனக்கு ஒத்துவரவில்லை.

கதை தெரியாமலும் இங்கே நிற்கிறவர்களுக்குச் சுருக்கமாக: பழைய கொரியாவின் சாயலில் கோகா என்று ஒரு நாடு. சூவோன், இளவரசி யோனாவின் பெரியப்பா மகன். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அவன்மேல் உயிர். பதினாறாவது பிறந்தநாளன்று அவன் ஒரு கொண்டை ஊசி பரிசளிக்கிறான். அன்றைக்கு ராத்திரி, "சூவோனை என்னால் விட முடியாது" என்று அப்பாவிடம் சொல்லத்தான் அவர் அறைக்கு ஓடுகிறாள். போய்ப் பார்த்தால் அப்பாவின் உடம்பில் வாள், வாளைப் பிடித்திருப்பவன் அவன். மெய்க்காவலன் ஹக்தான் அவளை அரண்மனையிலிருந்து தப்பிக்க வைக்கிறான். ஹக், சூவோன், யோனா மூவரும் சேர்ந்து வளர்ந்தவர்கள், அதுதான் இதில் பெரிய கொடுமை.

இப்போது அந்தக் கொண்டை ஊசிக்கு வருகிறேன். தப்பி ஓடும் வழியில் காட்டில் அது தொலைந்துபோகிறது. நடைப்பிணம் மாதிரி வந்துகொண்டிருக்கும் யோனா, அதைத் தேடிக்கொண்டு தனியாகத் திரும்பிப் போகிறாள். அப்பாவைக் கொன்றவன் கொடுத்த ஊசியை! பாம்புகள் சூழ்ந்துகொள்கின்றன, ஹக் வந்து மறைத்து நின்று தானே கடி வாங்குகிறான். வாங்கிவிட்டு, தான் எடுத்து வைத்திருந்த அந்த ஊசியை அவள் கையில் கொடுக்கிறான். தூக்கி எறிந்திருக்கலாம். எறியத்தான் அவனுக்கு ஆசையாகவும் இருந்திருக்கும், ஏனென்றால் அவனும் அவளைத்தான் நேசிக்கிறான், அவனுக்கும் சூவோன்தான் உயிர்த் தோழன். ஆனால் இந்தப் பெண் உயிரோடு இருக்க இப்போதைக்கு இது ஒன்றுதான் பிடிமானம் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று கொடுக்கிறான். இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

இந்தக் காட்சியைத் தாண்டி வந்தவர்கள் எப்படி "காதல் இன்னும் வரலையே" என்று கேட்கிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை. ஹக் வாய் திறந்து சொல்ல இருபது தொகுதிக்கு மேல் ஆகிறது, உண்மைதான். அவள் மனசு இன்னும் சூவோனிடம்தான் இருக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டே இருப்பது நடுவில் எரிச்சலாகத்தான் இருந்தது, ஒரு கட்டத்தில் சட்டையைப் பிடித்து உலுக்கலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் யோனா ஐந்தாவது தொகுதியிலேயே "சரி, அவன் போனான், இனி இவன்" என்று திரும்பியிருந்தால் நாமே அவளை நம்பியிருப்போமா? அவள் இழந்தது அப்பாவை மட்டும் இல்லையே.

அடுத்து சூவோன்.

நல்ல ராஜாதான், இல்லை என்று யார் சொன்னது? யோனாவின் அப்பா, அதாவது 'இல்' என்கிற அரசர், ஆயுதத்தைத் தொடவே பயப்படுகிறவர், சண்டை வேண்டாம் என்று நிலத்தை விட்டுக்கொடுத்தவர். அவர் ஆட்சியில் ஏழைக் கிராமங்கள் பட்டினி கிடக்கின்றன, அவா துறைமுகத்தில் ஆள் கடத்தல் கொடிகட்டிப் பறக்கிறது. அரண்மனைக்கு வெளியே வந்த பிறகுதான் யோனா இதையெல்லாம் கண்ணால் பார்க்கிறாள். சூவோன் வந்ததும் இழந்த மண் திரும்பி வருகிறது, முறைத்துக்கொண்டிருந்த தளபதிகள் ஒவ்வொருவராக அவன் பக்கம் சாய்கிறார்கள். அசடு மாதிரி சிரித்துக்கொண்டே காரியம் சாதிக்கிற அந்த மூளையை எனக்கும் பிடிக்கும்.

அதற்காக? வீட்டுக்கூரையை நன்றாக வேய்ந்து கொடுத்தான் என்பதற்காக வீட்டுக்காரரைக் கொன்றது இல்லை என்று ஆகிவிடுமா? கதை அப்படிச் சொல்லவே இல்லை, சொல்வது நாம்தான். குசனாகியின் கெட்டிக்காரத்தனமே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு எதையும் கழிக்காமல் விடுவதில்தான் இருக்கிறது. நாட்டுக்கு நல்லவன், யோனாவுக்குக் கொலைகாரன். இரண்டும் ஒரே ஆள்.

அதனால்தான் பின்னால் வருகிற முன்கதை எனக்குக் கொஞ்சம் கசந்தது. சூவோனின் அப்பா யூஹோனைக் கொன்றது இல் அரசர்தான் என்று தெரிகிறது, அம்மா வழியில் வந்த நோய் வேறு சூவோனுக்கு. பழிக்குப் பழி, கூடவே ஒரு தீராத வியாதி. சீரியலில் வில்லனுக்கு இரத்தப் புற்றுநோய் கொடுத்துத் தாய்மார்களை அழவைப்பார்களே, அந்த வாடை லேசாக அடித்தது. காரணம் தெரியாமல் இருந்தபோது அவன் இன்னும் பயங்கரமாக இருந்தான்.

யோனாவோடு வந்து சேர்கிற நான்கு டிராகன்களைப் பற்றி, அதாவது டிராகனின் சக்தி பெற்ற நான்கு வீரர்களைப் பற்றி எழுதினால் பதிவு விடியும்வரை நீளும். "அழகான பையன்களை அவளைச் சுற்றி நிறுத்தத்தான் இந்த டிராகன் கதை" என்று கிண்டல் செய்கிறவர்கள் ஜெனோவின் பகுதியை மட்டும் படித்துவிட்டு வாருங்கள். சாவே வராத மஞ்சள் டிராகன். எப்போதும் பசிக்கிறது என்று கூத்தடிக்கிற பையன், ஏறத்தாழ இரண்டாயிரம் வருடமாக உயிரோடு இருக்கிறான் என்று தெரியும்போதும், நோயாளிப் பெண் காயாவை மணந்து கண்ணெதிரே பறிகொடுத்தான் என்று தெரியும்போதும், அதுவரை அவன் அடித்த ஜோக்குகளை எல்லாம் திரும்பப் போய்ப் படிக்க வேண்டியிருந்தது. கிண்டல் செய்கிறவர்களில் பாதிப் பேர் 2014–15இல் வந்த 24 எபிசோட் அனிமேவை (இதே கதையின் அனிமேஷன் தொடர்) பார்த்துவிட்டுப் பேசுகிறவர்கள். அது நான்கு பேரும் சேர்ந்த கையோடு முடிந்துவிடும்.

யோனாவுக்கு வருகிறேன், அவளைத்தான் எல்லாரும் மறந்துவிட்டு ஹக்கா சூவோனா என்று அடித்துக்கொள்கிறோம். வில் பிடிக்கக் கற்றுக்கொடு என்று ஹக்கிடம் கேட்கிறவள், ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு தனியாக எழுந்து போய்ப் பழகுகிறவள், அவாவில் அந்தக் கடத்தல்காரன் கும்ஜி கப்பலில் தப்பிக்கும்போது அவளே அம்பை விடுகிறாள். முதல் கொலை. ஆயுதத்தைத் தொடவே பயந்த ஒருவரின் மகள். அந்தப் பக்கத்தில் அவள் கண்ணைப் பார்த்தவர்கள் 'எந்தப் பையன் டீம்' என்று சண்டை போட மாட்டார்கள்.

அக்கா பெண்ணிடம் இதையெல்லாம் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி சித்தி, ஆனா சூவோன் அழகா இருக்கான்ல?" என்கிறாள்.

இருக்கிறான்தான். என்ன செய்ய.