சுருங்கிய செல் எல்லாம் செத்த செல் அல்ல

கடல்நீர் பட்ட இலையின் செல் மைக்ராஸ்கோப்பில் சுருங்கித் தெரிந்தால் அது செத்துவிட்டது என்று ஒருவர் பதிவு போட்டிருக்கிறார். கடலோர ஊரான மணக்குடிப் பக்கத் தோப்புக்காரர்கள் பலரும் அதைப் பகிர்ந்திருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது: அந்தச் சுருக்கம் உயிருள்ள செல்லில்தான் நடக்கும். தண்ணீர் வெளியேற, உள்ளிருக்கும் உயிர்ப்பொருள் செல்சுவரை விட்டு விலகுகிறது. பாடப்புத்தகம் இதைப் 'பிளாஸ்மா சிதைவு' என்கிறது; அந்தச் 'சிதைவு'தான் குழப்புகிறது.

நீங்களே பார்க்கலாம். ரியோ (Rhoeo) என்ற அழகுச்செடி இலையின் ஊதா நிற அடிப்பக்கத்தில் மெல்லிய தோல் உரித்து, தண்ணீர்த் துளியில் வைத்து, கண்ணாடிச் சில்லால் மூடுங்கள். 100 மில்லி தண்ணீரில் 3.5 கிராம் உப்பு கரைத்தால் ஏறக்குறையக் கடல்நீர் அளவு. அந்த உப்புநீரைச் சில்லின் ஓர் ஓரத்தில் விட்டு, எதிர் ஓரத்தில் ஒற்றுத்தாளால் உறிஞ்சுங்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், சில நிமிடங்களில் ஊதா நிறம் ஒதுங்கும். 30 விநாடிக்கு ஒரு படம் எடுத்து ஊதாப் பரப்பை அளந்தால், தண்ணீர் வெளியேறும் வேகம் தோராயமாகக் கிடைக்கும். தோல் தடித்திருந்தால் செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும், அளக்க முடியாது.

படம் எடுத்து முடித்ததும் உடனே நல்ல தண்ணீர் விடுங்கள். ஊதா திரும்ப விரிந்தால் செல் உயிரோடிருக்கிறது. உப்பில் நெடுநேரம் கிடந்தது மீளாமல் போகலாம். ஒப்பிட, இன்னொரு தோலைக் கொதிநீரில் முக்கி எடுங்கள். நிறம் கசிந்துவிடும், உப்பு விட்டாலும் அப்படிச் சுருங்காது.