தலைவலிக்குத் தூள் வாங்குவதற்கு முன்னால்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்தின் சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். தலைவலி என்று வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "எது சீக்கிரம் கேட்கும்?" வலி எப்போது தொடங்கியது, மெல்ல ஏறியதா சட்டென்று வந்ததா, இதற்கு முன்னால் இப்படி வந்திருக்கிறதா என்று வீட்டில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மருந்துக்கு முன்னால் இந்தக் கேள்விகள் வர வேண்டும். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் தூள். மூலைக்கடையில் மிட்டாய்க்குப் பக்கத்திலேயே தொங்கும். வழக்கமாக வரும் ஆன்ட்டி ஒருவர் காசு கொடுத்த கையோடு கவுண்டரிலேயே பொட்டலத்தைப் பிரிப்பார். காகிதத்தை நடுவில் மடித்து, நாக்கை நீட்டி, ஒரே தட்டில் கொட்டிக்கொண்டு, மேலே இரண்டு மடக்குத் தண்ணீர். கசப்பில் முகம் சுளித்துவிட்டு, "இதைப் போட்டாத்தாம்மா எனக்கு நாளே ஓடும்" என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்காது.

இங்கே அதிகம் விற்கும் தூளில் ஆஸ்பிரின், பாரசிட்டமால், கஃபீன் மூன்றும் சேர்ந்திருக்கின்றன. இப்படிப்பட்ட கூட்டு மருந்தையோ கோடீன் என்னும் அபின் வகை வலிமருந்து கலந்த மாத்திரையையோ மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் எடுத்தால், அந்த மருந்தே தலைவலியைக் கொண்டுவரும். தனிப் பாரசிட்டமால் என்றால் 15 நாள் கணக்கு. காலையில் வலியோடு எழுவது, தூள் போடுவது, மதியம் திரும்ப வலிப்பது, திரும்பத் தூள். நிறுத்தினால் முதல் சில நாட்கள் வலி கூடும், அப்புறம்தான் குறையும். அந்த நாட்களைத் தாண்ட முடியாமல்தான் பலர் மறுபடி பொட்டலத்துக்கே போகிறார்கள். கோடீன் பழகியவர்கள் தாங்களாக நிறுத்த வேண்டாம், மருத்துவர் துணையோடு நிறுத்துங்கள். தினமும் போடும் ஆஸ்பிரின் வயிற்றுப் புண்ணையும் ரத்தக் கசிவையும் கொண்டுவரும் என்பது தனிக்கதை.

சரி, எந்தத் தலைவலி எது? நெற்றியைச் சுற்றித் துணி இறுக்கிக் கட்டியதுபோல இரண்டு பக்கமும் அழுத்தினால், வாந்தி இல்லை, வேலையும் செய்ய முடிகிறது என்றால், பெரும்பாலும் இறுக்கத் தலைவலி. தூக்கமின்மை, கழுத்துப் பிடிப்பு, கவலை இவைதான் அதற்குத் தீனி.

மைக்ரேன் வேறு. பொட்டில் விண்விண்ணென்று தெறிக்கும், பலருக்கு ஒரு பக்கமாக. குமட்டும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, சிலருக்குச் சாம்பிராணி வாசனைகூட ஆகாது. படி ஏறினால் கூடும். மருந்து எடுக்காவிட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை நிற்கும். நம் ஜனங்கள் இதை "சைனஸ்" என்று சொல்லிவிடுகிறார்கள். மைக்ரேனிலும் மூக்கு ஒழுகும், கண்ணில் நீர் வரும், அதனால் வரும் குழப்பம். கெட்டியான சளியும் காய்ச்சலும் இல்லாமல், மாதவிலக்கை ஒட்டியோ சாப்பாடு தள்ளிப்போன நாளிலோ திரும்பத் திரும்ப வரும் "சைனஸ்" பெரும்பாலும் மைக்ரேன்தான். புரட்டாசி விரதத்திலும் தைப்பூசக் காவடி வெயிலிலும் தலைவலி கிளம்புவதற்குப் பட்டினியும் தண்ணீர் குறைவதும் போதும். திருஷ்டி சுற்றிப் போடுவது உங்கள் விருப்பம், ஆனால் முதலில் தண்ணீர் கொடுங்கள்.

வலிக்கு முன்னால் கண்ணில் வளைந்து நெளிந்த மின்னல் கோடுகள் தெரியும் பெண்கள், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுப்பதாக இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் பக்கவாத ஆபத்து கூடும்.

ஒரே கண்ணைச் சுற்றிக் குத்தி, அந்தக் கண் சிவந்து நீர் வடிந்து, மனிதனைப் படுக்க விடாமல் அறைக்குள் நடக்க வைக்கும் வலியும் உண்டு. பல நாள் இரவில் அதே நேரத்துக்கு வரும். கிளஸ்டர் தலைவலி என்பார்கள். அதற்குத் தூள் கேட்காது. மருத்துவமனையில் ஆக்சிஜன் கொடுத்தால் பலருக்கு அடங்கும்.

பிரஷர் பற்றியும் ஒரு வார்த்தை. "தலை வலிக்கலை, அதனால பிரஷர் இல்லை" என்று சொல்லி மாத்திரையை நிறுத்தும் அங்கிள்களைப் பார்க்கிறேன். ரத்த அழுத்தம் மிக மிக ஏறினாலொழியத் தலை வலிக்காது. சத்தமில்லாமல்தான் சிறுநீரகத்தையும் இதயத்தையும் கெடுக்கும். கருவியில் பார்த்தால்தான் தெரியும்.

இனி, ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாதவை. சட்டென்று, ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும் வலி. மண்டைக்குள் வெடித்ததுபோல, "வாழ்க்கையில இப்படி வலிச்சதே இல்லை" என்று சொல்ல வைக்கும் வலி. மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்தாலும் இப்படித்தான் வரும். அந்த நேரத்தில் ஆஸ்பிரின் உள்ள தூளைக் கொடுத்தால் ரத்தம் உறைவதைத் தடுத்து இன்னும் கெடுதல் செய்யும். வலி தானாகக் குறைந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் ஆக வேண்டும். முதல் சில மணி நேரத்தில் எடுக்கும் ஸ்கேனில்தான் கசிவு தெளிவாகத் தெரியும்.

காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், முகம் கோணினால், கை விழுந்தால், பேச்சு குழறினால் அதுவும் அப்படியே. கர்ப்பம் 20 வாரம் தாண்டியவர்களுக்கும் குழந்தை பெற்று ஆறு வாரம் ஆகாதவர்களுக்கும் கடும் தலைவலியோடு கண் மங்கினால், மேல்வயிறு வலித்தால், அன்றே ஆஸ்பத்திரி. பிள்ளை பெற்ற களைப்பு என்று மாமியார் சொன்னாலும் சரி, அம்மா சொன்னாலும் சரி.

50 வயதுக்கு மேல் புதிதாகத் தலைவலி வந்து, தலை சீவும்போது பொட்டு நொந்து, மெல்லும்போது தாடை வலித்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். அது ரத்தக்குழாய் அழற்சியாக இருந்தால் கண் பார்வையே போகும், ஸ்டீராய்டு காப்பாற்றும். ஆயாவோ தாத்தாவோ விழுந்து தலையில் அடிபட்டு வாரக்கணக்கில் கழித்து வலி வந்து குழம்பிப் பேசினாலும் மண்டைக்குள் ரத்தம் தேங்கியிருக்கலாம். எச்ஐவி உள்ளவருக்கு நாளுக்கு நாள் கூடும் தலைவலி, காசநோயோ பூஞ்சையோ மூளையுறையைத் தாக்கியதாக இருக்கலாம். இந்த நாட்டில் இது அரிது அல்ல, வெட்கப்பட்டு மறைக்க வேண்டியதும் அல்ல.

மின்வெட்டு நாட்களில் வீட்டுக்குள்ளேயோ மூடிய கராஜிலோ ஜெனரேட்டர் ஓட்டி, வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்து, வெளியே வந்தால் குறைந்தால், அது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு. வாசனை கிடையாது. எல்லோரையும் வெளியே கூட்டி வந்துவிட்டு உதவிக்கு அழையுங்கள்.

ஆம்புலன்ஸுக்கு 10177, கைப்பேசியிலிருந்து 112. அழைக்கும்போது வலி தொடங்கிய நேரத்தையும், என்ன மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அவசரம் இல்லாமல் அடிக்கடி வரும் வலிக்கு, எந்த நாள், எத்தனை மணி நேரம், என்ன போட்டீர்கள் என்று ஒரு மாதம் காலண்டரில் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். தூளையும் மறைக்காமல் குறியுங்கள்.