சேலஞ்சர் 2: குழல் தயாராக இருந்தது, முடிவுதான் வரவில்லை

2006 ஜனவரியில் பிரிட்டன் ஒரே ஒரு சேலஞ்சர் 2 டாங்கியின் பீரங்கிக் குழலைக் கழற்றிவிட்டு, ஜெர்மனியின் ரைன்மெட்டால் நிறுவனம் செய்த எல்55 குழலை மாட்டிச் சோதனையைத் தொடங்கியது. திட்டத்துக்குப் பெயர் சேலஞ்சர் லெத்தாலிட்டி இம்ப்ரூவ்மென்ட் புரோகிராம், சுருக்கமாக கிளிப். அப்புறம் திட்டம் கோப்புக்குள் போய்விட்டது. அந்த மாற்றத்தோடு ஒரு சேலஞ்சர் 2 கூடப் படையில் சேரவில்லை. டாங்கி வரலாறு படிக்கிறவர்களில் பலர் இதை ஓர் அடிக்குறிப்பாகத் தாண்டிப் போகிறார்கள். என்னால் முடியவில்லை. இந்த நூற்றாண்டில் பிரிட்டன் தன் டாங்கிப் படைக்குச் செய்த பெரிய கெடுதல் இதைக் கிடப்பில் போட்டதுதான் என்று உறுதியாக நினைக்கிறேன்.

மேற்கு நாடுகளின் பெரிய டாங்கிகளில் குழலின் உட்புறம் வழவழப்பாக இருக்கும். ஜெர்மனியின் லெபர்ட் 2, அமெரிக்காவின் ஏப்ரம்ஸ், பிரான்சின் லெக்லெர்க் எல்லாமே அப்படித்தான், எல்லாமே 120 மி.மீ. பிரிட்டன் மட்டும் தனி வழி. சீஃப்டன், சேலஞ்சர் 1, சேலஞ்சர் 2 மூன்றிலும் குழலுக்குள் துப்பாக்கியில் இருப்பதுபோலப் புரி வெட்டியிருக்கும். அளவு அதே 120 மி.மீ. என்றாலும் குண்டு வேறு. நேட்டோ கூட்டாளியின் கிடங்கிலிருந்து ஒரு குண்டைக் கூட எடுத்துச் சுட முடியாது.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் ஹெஷ் என்ற குண்டு. சுவரில் வறட்டி தட்டுவதுபோல இலக்கின் மேல் போய் அப்பிக்கொள்ளும். அடுத்த நொடிக்குள் அடிப்பகுதியில் உள்ள ஃபியூஸ் வெடிக்கவைக்கும். தகடு துளைபடாது. அதிர்ச்சி அலை உள்ளே பாய்ந்து, தகட்டின் மறுபக்கத்திலிருந்து இரும்புச் சில்லுகளைப் பிய்த்து எறியும். கட்டடம், பதுங்குகுழி, சாதாரண கவச வண்டி என்று எதற்கும் பயன்படும். சுழன்றுகொண்டே போனால்தான் இது நேராகப் போகும், சரியாக அப்பும். அதற்குத்தான் அந்தப் புரி. ஆனால் இன்றைய டாங்கிகளின் அடுக்குக் கவசத்தின் முன் ஹெஷ் எடுபடாது. அங்கே வேண்டியது வால் சிறகு வைத்த நீளமான உலோக அம்பு. அந்த அம்புக்குச் சுழற்சியே ஆகாது. அதனால் பிரிட்டன் பொறியாளர்கள் புரி வெட்டிய குழலுக்குள் சுழலாமல் போவதற்காக அம்பைச் சுற்றி ஒரு நழுவு வளையம் போட்டார்கள். நல்ல பொறியியல்தான், மறுக்கவில்லை. 1991 வளைகுடாப் போரில் ஒரு சேலஞ்சர் 1 சுமார் 4.7 கிலோமீட்டர் தூரத்தில் ஓர் இராக்கிய டாங்கியை அடித்ததும் புரிக் குழலால்தான். அந்தப் பெருமையை யாரும் பறிக்க வேண்டாம்.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. பிரிட்டனில் புரிக் குழலுக்கான குண்டைத் தயாரித்த உற்பத்தி வரிசைகள் மூடப்பட்டுவிட்டன. கிளிப் பற்றிப் பேசும்போதே நிலைமை அதுதான்: கையில் இருப்பது கையிருப்பு மட்டும். சேலஞ்சர் 2-ஐ வாங்கிய ஒரே வெளிநாடு ஓமன், அதுவும் 38 டாங்கிகள்தான். இவ்வளவு சின்ன சந்தைக்காகப் புதுத் தலைமுறைக் குண்டை உருவாக்க யார் பணம் போடுவார்கள்? மறுபக்கம் வழவழப்புக் குழலுக்கு ஜெர்மனி, அமெரிக்கா, இஸ்ரேல், தென் கொரியா என்று பல நாடுகள் தொடர்ந்து குண்டு செய்கின்றன. சோதனையில் ஜெர்மனியின் டங்ஸ்டன் அம்பான டிஎம்53, பிரிட்டனின் யுரேனிய அம்பைவிட நன்றாகச் செயல்பட்டது என்றுகூட அப்போது செய்தி வந்தது. யுரேனியத்தைத் தூக்கிக்கொண்டு அலையும் அரசியல் தலைவலியும் அதோடு போயிருக்கும்.

குழலை மாற்றுவது பெரிய வேலையாகவே இருக்கவில்லை. பழைய எல்30, புதிய எல்55 இரண்டுக்கும் நீளம் ஒன்றே, ஏறக்குறைய 6.6 மீட்டர். பழைய பீரங்கியின் தொட்டில், வெப்ப உறை, புகை வெளியேற்றி எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு ஜெர்மன் குழலை உள்ளே உட்கார வைத்துவிட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சட்டென்று வித்தியாசம் தெரியாது.

டாங்கிக்குள் போனால் கதை மாறும். சேலஞ்சர் 2-இல் லோடர், அதாவது குழலில் குண்டு போடும் சிப்பாய், முதலில் பறந்து போய்த் தாக்கும் எறியத்தை மட்டும் எடுத்து உள்ளே தள்ளுவார். அடுத்து வெடிமருந்துப் பொதியைத் தனியாக எடுத்து அதன் பின்னால் வைப்பார். பற்றவைக்கும் சின்னக் குழாய் மூன்றாவது உருப்படி. பொதிகள் எல்லாம் டரட் (பீரங்கியோடு சுழலும் மேல்பகுதி) வளையத்துக்குக் கீழே கவசப் பெட்டிகளில் இருக்கும். எதிரியின் குண்டு பெரும்பாலும் டரட்டில்தான் விழும், அதனால் எரியக்கூடியது எதுவும் மேலே இருக்க வேண்டாம் என்பது கணக்கு. சீஃப்டன் காலத்திலிருந்தே வரும் நல்ல கணக்கு. ஜெர்மன் குண்டோ அம்பும் மருந்தும் சேர்ந்த ஒரே உருப்படி. நீளம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு, எடை 20 கிலோவைத் தாண்டும். சுட்டதும் உறை எரிந்துபோய், அடியில் இருக்கும் உலோகக் கிண்ணம் மட்டும் வெளியே விழும். துண்டு துண்டாக வைப்பதற்கென்று செய்த பெட்டிகளில் ஒரு மீட்டர் குண்டை எப்படி நுழைப்பது? லெபர்ட் 2-இல் 15 குண்டுகள் டரட்டின் பின்புறம் தனி அறையில், 27 உடற்பகுதியில் என்று முதலிலேயே திட்டமிட்டுக் கட்டினார்கள். சேலஞ்சரில் அதற்கு இடமே விடவில்லை. ஆக, குழலை மாற்றுவது என்று ஆரம்பித்த வேலை டரட்டையே மாற்றுவதில் போய் நின்றது.

அத்தனை டாங்கிகளுக்கும் மாற்ற 38.6 கோடி பவுண்டு ஆகும் என்று 2006-இல் மதிப்பிட்டார்கள். பணம் வரவில்லை. ஏன் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. அந்த வருடங்களில் இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் பிரிட்டன் சிப்பாய்கள் சாலையோர வெடிகளில் செத்துக்கொண்டிருந்தார்கள். கண்ணிவெடி தாங்கும் வண்டிகளுக்குத்தான் முதல் பணம் போக வேண்டும், போனதும் சரி. ஆனால் 2010 பாதுகாப்பு மறுஆய்வில் டாங்கிகளை 40 சதவீதம் குறைத்தபோதாவது மிச்சம் இருப்பவற்றைச் சரிசெய்திருக்கலாம். எண்ணிக்கையை வெட்டினார்கள், குழலைத் தொடவில்லை. அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதன் விலையைக் கொடுத்தது உக்ரைன். 2023-இல் பிரிட்டன் 14 சேலஞ்சர் 2 டாங்கிகளை அனுப்பியது. மேற்கத்திய டாங்கி தருவோம் என்று முதலில் துணிந்து சொன்ன நாடு அதுதான், அந்தத் துணிச்சலை மதிக்கிறேன். ஆனால் ஏப்ரம்ஸும் லெபர்ட் 2-உம் ஓட்டும் உக்ரைன் படையணிகளுக்குப் பல நாடுகளிலிருந்து குண்டு வர வழியிருக்கிறது. பக்கத்தில் நிற்கும் சேலஞ்சர் குழுவுக்குப் பிரிட்டனின் பழைய கையிருப்பை விட்டால் பெரிதாக வழி கிடையாது. குறி தப்பாத பீரங்கி என்று அந்தச் சிப்பாய்களே பாராட்டியிருக்கிறார்கள். இவ்வளவு நல்ல டாங்கியைக் கொடுத்துவிட்டு, குண்டுக்கு ஒரே வாசலை மட்டும் திறந்துவைப்பது என்ன நியாயம்?

நம் ஊருக்கும் இதில் பங்கு இருக்கிறது. 120 மி.மீ. புரிக் குழலோடு ஓடும் இன்னொரு டாங்கி ஆவடியில் செய்யப்படும் அர்ஜுன். ஹெஷ் மேல் நம் ராணுவத்துக்கு இருந்த பிரியமும் பிரிட்டனிடமிருந்து வந்ததுதான். ஆவடியில் முதலில் உருண்டு வந்த விஜயந்தா டாங்கியே பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பு. அதே ஆவடித் தொழிற்சாலையில் டி-72, டி-90 டாங்கிகளும் தயாராகின. அவற்றுக்கு 125 மி.மீ. வழவழப்புக் குழல். ஆயிரக்கணக்கில் இருக்கும் அவற்றுக்கு ஒரு குண்டு, முதலில் வாங்கிய 124 அர்ஜுனுக்கும் 2021-இல் ஆர்டர் கொடுத்த 118 அர்ஜுனுக்கும் வேறொரு குண்டு. அர்ஜுனை எடை, அகலம், விலை என்று எத்தனையோ கோணத்தில் குறை சொல்கிறார்கள். இந்தக் குண்டு விஷயத்தை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் எடையைத் தாங்கும் பாலம் கட்டலாம், போர் நடுவில் குண்டுத் தொழிற்சாலை கட்ட முடியாது.

கடைசியில் பிரிட்டன் அதே ஜெர்மன் குழலுக்குத்தான் வந்து சேர்ந்தது. 2021 மே மாதம் 80 கோடி பவுண்டுக்கு ஒப்பந்தம் போட்டு, சேலஞ்சர் 3 என்ற பெயரில் புது டரட், எல்55 குழலின் மேம்பட்ட வடிவமான எல்55ஏ1, ஒரே உருப்படிக் குண்டு எல்லாம் வருகின்றன. புதுப் பார்வைக் கருவிகளும் கவசமும் அதில் அடக்கம் என்பதால் 2006 மதிப்பீட்டோடு நேருக்கு நேர் ஒப்பிடுவது சரியில்லை. எண்ணிக்கையை ஒப்பிடலாம். பிரிட்டன் ராணுவம் வாங்கிய சேலஞ்சர் 2 மொத்தம் 386. சேலஞ்சர் 3 ஆகப்போவது 148. முன்மாதிரிகள் 2024-இல் சுடத் தொடங்கிவிட்டன. அந்த 148 டாங்கிகளும் படைக்கு வந்து சேரும்வரை, பிரிட்டன் தன் பயிற்சிக்குச் சுடும் ஒவ்வொரு குண்டும் உக்ரைனுக்கு அனுப்பும் ஒவ்வொரு குண்டும் அதே பழைய கிடங்கிலிருந்துதான் போயாக வேண்டும்.