ஜாகிர் உசேன் எழுதிய ஆட்டுக்குட்டிக் கதை

ஜாகிர் உசேன் என்றால் இன்று பலருக்கும் தபேலா ஞாபகம்தான் வரும். கொஞ்சம் மூத்தவர்களுக்கு 1967 முதல் 1969 வரை குடியரசுத் தலைவராக இருந்தவர் நினைவுக்கு வருவார். அந்தக் குடியரசுத் தலைவர் உருதுவில் குழந்தைகளுக்குக் கதை எழுதியவர் என்பது ஏனோ நம் பக்கம் பேசப்படுவதே இல்லை. எனக்கு அவர் முதலில் குழந்தை எழுத்தாளர், பதவியெல்லாம் அப்புறம்தான்.

அவருடைய ‘அப்பு கானின் ஆடு’ கதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அல்மோரா மலையடிவாரத்தில் தனியாக வாழும் கிழவர் அப்பு கான். ஆடு வளர்ப்பார். எவ்வளவு பாசமாக வளர்த்தாலும் ஒவ்வொன்றும் கயிற்றை அறுத்துக்கொண்டு மலைக்கு ஓடும், அங்கே ஓநாய் தின்றுவிடும். கடைசியாக வாங்கிய வெள்ளை ஆட்டுக்குச் சாந்தினி என்று பெயர் வைக்கிறார். அதற்கும் மலை மேலேயே கண். ஓநாய் இருக்கிறது என்று கிழவர் எவ்வளவோ சொல்லிப் பார்க்கிறார். கேட்காததால் அறைக்குள் அடைக்கிறார், ஆனால் ஜன்னலை மூட மறந்துவிடுகிறார். ஒரு பகல் முழுக்க மலையில் துள்ளித் திரிகிறது சாந்தினி. இரவில் ஓநாய் வருகிறது. ஜெயிக்க முடியாது என்று தெரிந்தே விடியும்வரை கொம்பால் முட்டிச் சண்டை போடுகிறது. பள்ளிவாசலில் பாங்கு ஒலிக்கும் நேரத்தில் விழுந்து சாகிறது. மரத்தில் இருந்த பறவைகள் ஓநாய்தான் வென்றது என்கின்றன. ஒரே ஒரு கிழப் பறவை மட்டும், ஜெயித்தது சாந்தினிதான் என்று அடித்துச் சொல்கிறது.

மூலக்கதை பிரெஞ்சு எழுத்தாளர் அல்போன்ஸ் தோதேயுடையது. ஆனால் தோதே அதை ஓர் எச்சரிக்கையாகத்தான் எழுதினார்: கட்டுக்குள் இரு, சம்பளத்துக்கு வேலை பார், இல்லாவிட்டால் ஓநாய் தின்றுவிடும் என்று ஒரு ஏழைக் கவிஞனுக்குச் சொல்லும் புத்திமதி. ஜாகிர் உசேன் கடைசியில் பறவைகளைப் பேசவிட்டு அதை அப்படியே புரட்டிப் போட்டார். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் ஒரு பள்ளிப்பிள்ளைக்கு அந்தக் கதை எப்படிக் கேட்டிருக்கும்!

இதை எழுதியவர் சாதாரணப் படிப்பாளி இல்லை. பெர்லினில் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர், பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலை உருதுவில் மொழிபெயர்த்தவர். அவ்வளவு படித்துவிட்டு 1926-இல் திரும்பி வந்து, கையில் காசில்லாமல் மூடப்போகும் நிலையில் இருந்த ஜாமியா மில்லியா என்ற டெல்லிக் கல்வி நிறுவனத்துக்குத் தலைமையேற்றார். அவரும் சக ஆசிரியர்களும் 20 ஆண்டுகள் அங்கேயே உழைப்போம், மாதம் 150 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்க மாட்டோம் என்று உறுதி எடுத்துக்கொண்டார்கள். 1935-இல் டெல்லியின் ஓக்லா பகுதியில் அதன் புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியது எந்தப் பெரிய மனிதரும் இல்லை, அங்கே படித்த பிள்ளைகளில் ஆகச் சின்னப் பையன். குழந்தைகளை எந்த இடத்தில் வைத்திருந்தார் என்பதற்கு இது போதும்.

அவருடைய சின்ன மகள் ரெஹானா சிறு வயதிலேயே இறந்துபோனாள். பள்ளியில் குழந்தைகளுக்கு இனிப்பு கொடுத்துக்கொண்டிருந்தபோது சேதி வந்ததாகவும், அவர்களுடைய சந்தோஷத்தைக் கெடுக்க மனமில்லாமல் கொடுத்து முடித்துவிட்டே வீட்டுக்குப் போனதாகவும் சொல்வார்கள். பிறகு அவர் கதைகளை வெளியிட்டது ருகையா ரெஹானா என்ற அந்த மகளின் பெயரில்தான். இது தெரிந்தபின் சாந்தினியின் சாவை என்னால் பழையபடி வாசிக்க முடியவில்லை. குழந்தையின் சாவை அறிந்த ஒரு தகப்பன், குழந்தைகளிடம் சாவை மறைக்காமல் பேசியிருக்கிறார்.

நாமோ இன்று கதைகளில் எல்லாவற்றையும் மழுப்புகிறோம். ஓநாய் திருந்திவிடுகிறது, ஆடு வீட்டுக்குத் திரும்பி மன்னிப்புக் கேட்கிறது. பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்கிறோம். பிள்ளைகள் அழுவார்கள், சரி. அழுதுவிட்டு, யார் ஜெயித்தது என்று நம்மிடம் சண்டைக்கு வருவார்கள். அந்தச் சண்டைக்குப் பதில் சொல்லத் தயங்குவது பெரியவர்கள்தான் என்று எனக்குப் படுகிறது.

நான்காம், ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இந்தக் கதை இருக்க வேண்டும், முடிவில் கை வைக்காமல். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் உருதுவும் தமிழும் நன்றாகத் தெரிந்த ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். ஆங்கிலம் வழியாகச் சுற்றிவராமல், அவருடைய குழந்தைக் கதைகள் எல்லாவற்றையும் நேரடியாகத் தமிழுக்குக் கொண்டுவர உங்களால் முடியும். யாராவது தொடங்கினால் மெய்ப்புப் பார்க்கவும் அச்சுச் செலவில் பங்கெடுக்கவும் நான் தயார்.