அசதிக்கு மார்க் போடுவது எப்படி?

முடக்குவாதம், அதாவது மூட்டுகள் வீங்கி வலிக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் வந்தவர்களிடம் என்ன படுத்துகிறது என்று கேட்டால் முதலில் வலி என்பார்கள், அடுத்த மூச்சில் அசதி என்பார்கள். வலிக்காவது மாத்திரை இருக்கிறது. ராத்திரி முழுக்கத் தூங்கி எழுந்தாலும் போகாத இந்த அசதிக்கு, நம் ஃபைலில் ஒரு வரிகூடக் கிடையாது.

நோய் எவ்வளவு தீவிரமாக இருக்கிறது என்று பார்க்க டாஸ்28 என்றொரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 28 மூட்டுகளில் அமுக்கினால் வலிப்பவை எத்தனை, வீங்கியிருப்பவை எத்தனை, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி. எவ்வளவு, மொத்தத்தில் எப்படி இருக்கிறீர்கள் என்ற நான்கையும் ஒரு சூத்திரத்தில் போடுவார்கள். 2.6-க்குக் கீழே வந்தால் நோய் அடங்கிவிட்டது என்று அர்த்தம். எனக்கும் அப்படி வந்தது. "ரிப்போர்ட் எல்லாம் நல்லாத்தானேம்மா இருக்கு, அப்புறம் என்ன?" என்றார் டாக்டர். அசதி என்றேன். "அதை எப்படிம்மா அளக்கிறது? ஆளுக்கு ஆள் மாறுமே."

சரி, மாறும்தான். ஆனால் அமுக்கும்போது வலிக்கிறதா என்பதற்குப் பதில் சொல்வது யார்? மொத்தத்தில் எப்படி இருக்கிறது என்பதைச் சொல்வது யார்? நான்கில் இரண்டு நம் வாய்ச்சொல். அதை நம்பித்தான் மருந்தைக் கூட்டுகிறார்கள், குறைக்கிறார்கள். அசதி என்று சொன்னால் மட்டும் அந்த நம்பிக்கை எங்கே போகிறது?

அளப்பதற்கு வழி இல்லாமலும் இல்லை. ஃபட்டீக் சிவியாரிட்டி ஸ்கேல் என்ற அசதிக் கேள்வித்தாள் 1989-லேயே வந்துவிட்டது. ஒன்பது வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மார்க். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயும், நம்முடையதைப் போலவே உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸும் வந்தவர்களை வைத்து உருவாக்கியது. அப்புறம் ஃபேசிட் என்று 13 கேள்விகள், 52-க்கு மார்க், கூடினால் நல்லது. ஓமராக்ட் என்று மூட்டுநோய் ஆய்வாளர்கள் கூடும் மாநாடு ஒன்று உண்டு. 2002-இல் அதில் முதல்முறையாக நோயாளிகளையும் உட்கார வைத்தார்கள். அவர்கள் அசதியைப் பற்றிப் பேசினார்கள். 2006-இல் மால்டாவில் கூடியபோது, முடக்குவாத மருந்து ஆய்வுகளில் அசதியையும் அளக்க வேண்டும் என்று முடிவானது. பிறகு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் இருந்து முடக்குவாதத்துக்கென்றே 20 கேள்விகள் கொண்ட ஒன்று வந்தது. உடல், அன்றாட வாழ்க்கை, மனம் எல்லாவற்றோடும் யோசனை மந்தமாவதையும் அது கேட்கிறது. அது எனக்குப் பிடித்திருந்தது.

மற்றபடி இந்தக் கேள்விகளோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. பெரும்பாலும் இவை, அசதியால் உங்களால் எது முடியாமல் போனது என்றுதான் கேட்கின்றன. முடியாது என்று சொல்ல வழியே இல்லாதவள் என்ன பதில் எழுதுவாள்?

பகலில் தூங்க வேண்டியிருக்கிறதா? வேண்டியிருக்கிறது, ஹாலில் மாமியார் உட்கார்ந்திருக்கிறார். வழக்கமான வேலைகளுக்கு உதவி தேவைப்படுகிறதா? தேவைப்படுகிறது, ஆனால் கிடைக்காது. இதற்கெல்லாம் கட்டம் கிடையாது. குடும்பத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறதா? இல்லையே, காலையில் டிபன் பாக்ஸ் நேரத்துக்குப் போய்விடுகிறதே! இப்படி டிக் அடித்துக்கொண்டே போனால் நான் நல்ல மார்க்கில் பாஸ். என் பெரியப்பாவுக்கும் இதே நோய்தான். ஓய்வுபெற்றவர், அசதி என்றால் ஃபேனைப் போட்டுப் படுத்துவிடுவார், காபி கட்டிலுக்கே வரும். அவர் மார்க் என்னுடையதைவிட மோசமாக இருக்கும். அவருக்கு அசதி இல்லை என்று சொல்லவில்லை. அந்தத் தாளில் இருப்பது அசதி மட்டும் இல்லை, வீட்டில் யாருக்குப் படுக்க உரிமை இருக்கிறது என்பதும்தான்.

கையில் கட்டும் வாட்ச் சொல்லிவிடும் என்பவர்களும் இருக்கிறார்கள். அடுப்படிக்கும் மொட்டைமாடிக்கும் நடந்ததையெல்லாம் கூட்டி, இன்றைய இலக்கை எட்டிவிட்டீர்கள் என்று பாராட்டுகிறது அது.

இன்னொன்று, போன ஏழு நாளில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்பது. முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்து வாரத்துக்கு ஒருமுறை போடுவது. போட்ட மறுநாள் நம்மில் பலர் எழுந்திருக்க முடியாமல் கிடப்போம். அந்த ஒரு நாளும் மற்ற ஆறு நாளும் ஒரே மார்க்கில் கரைந்துபோகும். "சனிக்கிழமை நைட் போட்டுக்குங்க, ஞாயிறு ரெஸ்ட் எடுக்கலாம்" என்பார்கள். ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் வீட்டில் கறி எடுக்கும் நாள். யார் ரெஸ்ட் எடுப்பது?

என்னைக் கேட்டால், என்ன முடியவில்லை என்பதோடு நிறுத்தாமல், செய்து முடிக்க எதை விட்டீர்கள் என்று கேட்க வேண்டும். பிள்ளைகளின் சாப்பாடு தவறாது. நான் தலைக்குக் குளிப்பது தள்ளிப்போகும். பிசியோதெரபிஸ்ட் சொன்ன விரல் பயிற்சி நின்றுபோகும். கூப்பிட்ட தோழியிடம் பேசத் தெம்பில்லாமல் போனை அடிக்க விடுவேன். வேலை முடிந்த பிறகு எவ்வளவு நேரம் சுவரில் சாய்ந்து கிடந்தீர்கள் என்றும் கேட்கலாம்.

இதற்கெல்லாம் டாக்டருக்கு நேரம் இல்லை என்பது எனக்கும் தெரியும், வெளியே நிற்கும் வரிசையில் நானும் நின்றவள்தானே. ஆனால் பிரிஸ்டல்காரர்கள் சுருக்கமாகவும் வைத்திருக்கிறார்கள்: அசதி எவ்வளவு, அது எவ்வளவு பாதிக்கிறது, எவ்வளவு சமாளிக்கிறீர்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை ஓர் எண். பி.பி. பார்க்கும் நர்ஸே கேட்டுக் குறித்துவிடலாம். அந்த எண்ணைப் பக்கத்து நாற்காலிக்காரரோடு ஒப்பிட வேண்டாம், என்னுடைய போன தடவை எண்ணோடு ஒப்பிட்டால் போதும். ஏறியிருந்தால் ரத்தசோகையா, தைராய்டா, தூக்கமா, மனச்சோர்வா என்று தேடிப் பார்க்க ஒரு காரணம் கிடைக்கும். இவற்றில் பலவற்றுக்கு வைத்தியம் இருக்கிறது.

யாரும் கேட்காததால் ஃபைலின் கடைசிப் பக்கத்தில் நானே எழுத ஆரம்பித்திருக்கிறேன், வாராவாரம் ஓர் எண்ணும் அந்த வாரம் விட்டுப்போனவையும். இந்த முறை அதைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுவதும் படித்தார் டாக்டர், தைராய்டு டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். ரிசல்ட் இன்னும் வரவில்லை.