ஒன்பது வெற்றி போதாது என்று சொன்ன ஊர்

நெப்ராஸ்கா பல்கலைக்கழக ஃபுட்பால் அணியின் தலைமை கோச் மாட் ரூலை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா? அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் இந்தப் பேச்சு மறுபடி சூடுபிடித்துவிட்டது. 2025 சீசன் ஏழு வெற்றி, ஆறு தோல்வி என்று முடிந்தது. கடைசி மூன்று ஆட்டமும் வரிசையாகப் போனது. அதில் ஒன்று சொந்த மைதானத்தில் அயோவாவிடம் 40-16. அக்டோபர் கடைசியில்தான் அவர் ஒப்பந்தத்தை 2032 வரை நீட்டித்திருந்தார்கள். இப்போது மளிகைக்கடை வரிசையில் நின்றாலும், அலுவலகத்தில் காபி எடுக்கப் போனாலும், "அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுட்டாங்க" என்ற பேச்சுதான்.

நான் லிங்கனில் படித்தவன். வேலை ஒமாஹாவில். ஹஸ்கர்ஸ் என்று செல்லப்பெயர் கொண்ட இந்த அணி எனக்குச் சொந்த ஊர் அணி மாதிரி ஆகிவிட்டது. அதனால் என் கருத்தை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன்: ரூல் மேல் இப்போது கை வைக்கக் கூடாது. அவர் பெரிய மேதை என்பதால் அல்ல. 2003-ல் இந்த ஊர் ஒரு கோச்சை அனுப்பியது. அதற்குக் கொடுத்த விலை இன்னும் தீரவில்லை.

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பழக்கமில்லாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. நெப்ராஸ்காவின் மக்கள்தொகை சுமார் 20 லட்சம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை சோளமும் சோயாவும். தொழில்முறை ஃபுட்பால் அணியோ, கூடைப்பந்து அணியோ இந்த மாநிலத்துக்குக் கிடையாது. இருப்பது பல்கலைக்கழக அணி ஒன்றுதான். 1962 நவம்பர் 3-லிருந்து லிங்கனில் உள்ள மெமோரியல் ஸ்டேடியத்தில் நடந்த ஒவ்வோர் ஆட்டத்துக்கும் டிக்கெட் முழுக்க விற்றிருக்கிறது. அணி ஜெயித்தாலும் தோற்றாலும் அப்படித்தான். சுமார் 85,000 பேர் உட்காரும் இடம் அது. ஆட்டம் நடக்கும் சனிக்கிழமை, மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊர் அந்த ஸ்டேடியம்தான் என்று சொல்வார்கள். கணக்குப் பார்த்தால் அது உண்மையும்கூட.

ஒரு தடவையாவது அங்கே போய் நின்று பார்க்க வேண்டும். பார்க்கிங்கில் காலை ஏழு மணிக்கே அடுப்பு பற்றவைத்திருப்பார்கள். பனிக்குளிரில் கையுறையோடு ரன்சா சாப்பிடுகிற தாத்தாக்களைப் பார்க்கலாம். மாட்டிறைச்சியும் முட்டைக்கோஸும் உள்ளே வைத்துச் சுட்ட பன் அது, இந்த ஊர் அடையாளம். ஆட்டம் முடிந்து எதிரணி வெளியேறும்போது அவர்களுக்கும் எழுந்து கைதட்டுவார்கள். தோற்ற அன்றும் தட்டுவார்கள். நாலரை மணி நேரம் காரோட்டி வந்து, தோற்று, எதிரணிக்கும் கைதட்டிவிட்டு, திரும்ப நாலரை மணி நேரம் காரோட்டிப் போகிற ஜனம் இது. இவர்கள் கோச்சைப் பற்றிப் பேசினால் அது வெறும் பொழுதுபோக்குப் பேச்சு இல்லை.

இனி பழைய கதை. பாப் டெவானி 1962-ல் வந்தார். 1970, 1971 இரண்டு ஆண்டும் தேசிய சாம்பியன் பட்டம். அவருக்குப் பின் 1973-லிருந்து 1997 வரை 25 சீசன் டாம் ஆஸ்போர்ன். 255 வெற்றி, 49 தோல்வி, 3 சமன். ஒரு சீசனில்கூட ஒன்பது வெற்றிக்குக் கீழே இறங்கியதில்லை. 1994, 1995, 1997-ல் தேசிய சாம்பியன்.

இந்த ஆஸ்போர்னையே ஒரு காலத்தில் ஊர் கரித்துக்கொட்டியது. முதல் ஐந்து வருஷமும் பரம எதிரி ஒக்லஹோமாவிடம் தோற்றார். 1978-ல் முதல்முறை ஜெயித்தார். ஆனால் அந்த சீசன் முடிந்த கையோடு கொலராடோ பல்கலைக்கழகம் அழைக்க, அந்த வேலை எப்படி என்று நேரில் பார்க்கவே போய்விட்டார். நல்லவேளை, மனசு மாறித் திரும்பினார். பிறகு 1987 சீசனிலிருந்து 1993 வரை தொடர்ந்து ஏழு பவுல் ஆட்டங்களில் தோல்வி. சீசன் முடிவில் நடக்கும் பெரிய ஆட்டம்தான் பவுல். "பெரிய மேட்ச் இவருக்கு வராது" என்று அன்று சொன்னார்கள். அதற்குப் பிறகு நாலு வருஷத்தில் மூன்று பட்டம். 1991-ல் யாராவது பொறுமையிழந்து ஆஸ்போர்னை அனுப்பியிருந்தால் அந்த மூன்றும் கிடைத்திருக்காது. இன்று ரூலைத் திட்டுபவர்களில் பாதிப் பேர் போட்டிருக்கிற ஜாக்கெட் அந்த மூன்று பட்டங்களின் ஜாக்கெட்தான்.

ஆஸ்போர்ன் ஓய்வு பெற்றபோது பொறுப்பைத் தன் உதவி கோச் ஃபிராங்க் சோலிச்சிடம் கொடுத்தார். டெவானி காலத்தில் இதே அணியில் ஃபுல்பேக்காக விளையாடியவர் சோலிச். ஆறு சீசனில் 58 வெற்றி, 19 தோல்வி. 1999-ல் பிக் 12 என்ற கான்ஃபரன்ஸில், அதாவது நெப்ராஸ்கா அன்று ஆடிய அணிக்கூட்டத்தில், சாம்பியன். 2001-ல் அணியின் தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக் எரிக் கிரவுச், நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாங்கினார், அணி தேசிய இறுதிப் போட்டி வரை போய் மயாமியிடம் தோற்றது. 2002 மோசமான வருஷம், ஏழு வெற்றி, ஏழு தோல்வி (7-7). 2003-ல் எழுந்து 9-3. நவம்பர் 28 வெள்ளிக்கிழமை கொலராடோவை அவர்கள் ஊரிலேயே ஜெயித்தார்கள். மறுநாள் சோலிச்சுக்கு வேலை போய்விட்டது.

அனுப்பியவர் பல்கலைக்கழக விளையாட்டுத் துறையின் தலைவரான அத்லெடிக் டைரக்டர் ஸ்டீவ் பெடர்சன். இந்த அணி நடுத்தரத்துக்குச் சரிவதை ஏற்க மாட்டேன், பிக் 12-ஐ ஒக்லஹோமாவுக்கும் டெக்சாஸுக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்து யார் என்பதற்கு அவர் கையில் பதிலே இல்லை. ஒரு மாதத்துக்கு மேல் தேடினார். கடைசியில் 2004 ஜனவரியில் வந்து சேர்ந்தவர் பில் கேலஹன். தொழில்முறை லீகில் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணி 4-12 என்று மண்ணைக் கவ்வி, அங்கிருந்து விலக்கப்பட்டவர். 2004-ல் நெப்ராஸ்கா 5-6. 1961-க்குப் பிறகு முதல் தோல்வி சீசன். 35 வருஷம் தொடர்ந்து பவுல் ஆட்டத்துக்குப் போன அணி அந்த வருஷம் வீட்டில் உட்கார்ந்தது. டெக்சாஸ் டெக்கிடம் 70-10. 2007-ல் கேன்சஸிடம் 76-39. கேன்சஸை இங்கே யாரும் ஒரு எதிரியாகவே எண்ணியதில்லை.

ஆனால் எனக்கு இந்த ஸ்கோர்களை விடப் பெரிய வலி வேறு. நெப்ராஸ்காவுக்கென்று ஓர் ஆட்ட முறை இருந்தது. ஆப்ஷன் என்பார்கள். குவாட்டர்பேக் பந்தோடு ஓரமாக ஓடி, எதிராளி எந்தப் பக்கம் சாய்கிறான் என்று கடைசி நொடி வரை பார்த்து, தானே ஓடுவதா, பக்கத்தில் வருபவனுக்குத் தள்ளுவதா என்று முடிவெடுப்பான். இதற்கு டெக்சாஸிலும் புளோரிடாவிலும் சண்டை போட்டு வாங்கும் நட்சத்திர ரிசீவர்கள், அதாவது எறியும் பந்தைப் பிடிப்பவர்கள், தேவையில்லை. கனத்த, பொறுமையான, வருஷக்கணக்கில் எடை தூக்கி வளர்ந்த, முன்வரிசையில் நின்று மோதும் லைன்மேன்கள் போதும். அவர்கள் இந்த மண்ணிலேயே கிடைத்தார்கள். ஸ்காலர்ஷிப் இல்லாமல், கைக்காசு போட்டு, வாக்-ஆனாக வந்து சேர்ந்த பண்ணை வீட்டுப் பையன்கள். நூறு பேர் படிக்கும் பள்ளியில் படித்துவிட்டு வந்து, நாலாவது வருஷம் களத்தில் இறங்குவான். ஊரே அவன் பேர் சொல்லிக் கத்தும். கேலஹன் வந்ததும் ஆப்ஷன் போனது, பந்தை எறிந்து ஆடும் வெஸ்ட் கோஸ்ட் முறை வந்தது. வாக்-ஆன் பையன்களின் முக்கியத்துவமும் சுருங்கியது. ஆள் மாறினால் இன்னோர் ஆளைக் கொண்டுவரலாம். முப்பது நாற்பது வருஷமாக ஒரு மாநிலம் சேர்ந்து கட்டிய வழக்கத்தை அப்படிக் கொண்டுவர முடியாது. பிறகு வந்தவர்கள் எவ்வளவோ முயன்றும் அது இன்றுவரை திரும்பவில்லை.

சோலிச்சை அனுப்பியது சரிதான் என்பவர்கள் சொல்வதில் விஷயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 2001-ல் கொலராடோவிடம் வாங்கிய 62-36 அடி சாதாரணமானதல்ல. 2003-ல் டெக்சாஸிடம் 31-7, சொந்த மைதானத்தில் கேன்சஸ் ஸ்டேட்டிடம் 38-9. அணி இறங்குமுகத்தில் இருந்தது கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் அந்த இறக்கத்துக்கு சோலிச் ஒருவர்தான் காரணமா? எடைப் பயிற்சியை ஒரு துறையாகவே வளர்த்தது இந்த ஊர். பாய்ட் எப்லி 1969-லேயே இங்கே அதற்கென்று வேலைக்குச் சேர்ந்தார். எண்பது தொண்ணூறுகளில் மற்ற எல்லாப் பல்கலைக்கழகங்களும் அதைக் கற்றுக்கொண்டன. ஓர் அணி கொடுக்கக்கூடிய ஸ்காலர்ஷிப்பின் உச்சவரம்பும் 85-க்கு வந்து நின்றது. டிவி ஒளிபரப்பு பெருகியதும், எந்த ஊரில் விளையாடினாலும் முகம் தெரியும் என்றாகிவிட்டது. இந்தக் காற்று யார் கோச்சாக இருந்திருந்தாலும் எதிரேதான் அடித்திருக்கும். பழியை மட்டும் ஒருவர் தலையில் கட்டினார்கள்.

சோலிச் என்ன ஆனார்? 2005-ல் ஓஹையோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். பெரிதாகப் பேர் சொல்லும் அணி இல்லை அது. அங்கே 16 சீசன், 115 வெற்றி. அந்த அணி ஆடும் மிட்-அமெரிக்கன் கான்ஃபரன்ஸ் வரலாற்றிலேயே அதிகம். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு முதல் பவுல் வெற்றியை 2011-ல் வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். கடைசியில் 2023 வசந்தகால ஆட்டத்துக்கு அவரை லிங்கனுக்கு அழைத்து மரியாதை செய்தார்கள். அழைக்க முன்கை எடுத்தவர் ரூல். வெளியூரிலிருந்து வந்து சில மாதங்களே ஆன மனிதர் அவர். இருபது வருஷமாக உள்ளூர்க்காரர்கள் செய்யத் தயங்கியதைச் செய்தார் என்பதால் எனக்கு அவர் மேல் தனி மதிப்பு.

போ பெலினி கதையும் இதே வழியில் போனது. 2008-லிருந்து ஏழு சீசன். ஒவ்வொன்றிலும் ஒன்பதோ பத்தோ வெற்றி. விஸ்கான்சினிடம் 70-31, 59-24 என்று மானம் போன நாள்களும் உண்டு. கோபக்காரர், ரசிகர்களை அவர் கெட்ட வார்த்தையில் திட்டிய ஒலிப்பதிவு வெளியே வந்து ஊரே கொதித்தது. அவர் நடத்தைக்காக அனுப்பினோம் என்றால் அதை நான் மதிப்பேன். ஆனால் 2014-ல் அன்று ஊர் கேட்டது வேறு: "ஒன்பது ஜெயிச்சா போதுமா?" அயோவாவை ஓவர்டைமில் ஜெயித்த இரண்டு நாளில் அனுப்பினார்கள். அடுத்து வந்த மைக் ரைலி நல்ல மனிதர். மூன்று வருஷத்தில் 19 வெற்றி, 19 தோல்வி. 2016-க்குப் பிறகு இந்த அணி ஒன்பது வெற்றியைத் தொட்டதே இல்லை.

ரைலியை அனுப்பியதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஸ்காட் ஃபிராஸ்டை அனுப்பியதிலும் இல்லை. 1997 சாம்பியன் அணியின் குவாட்டர்பேக், வுட் ரிவர் என்ற சிற்றூர்ப் பையன், சென்ட்ரல் புளோரிடா பல்கலைக்கழக (யூசிஎஃப்) அணியை 13-0-க்குக் கொண்டுபோனவர். வீட்டுப்பிள்ளை திரும்பி வருகிறான் என்று மாநிலமே கொண்டாடியது. 16 வெற்றி, 31 தோல்வி. 2021-ல் தோற்ற ஒன்பது ஆட்டமும் ஒற்றை இலக்க வித்தியாசத்தில்; ஒவ்வொரு வாரமும் நெஞ்சு வெடித்தது. 2022 செப்டம்பரில் ஜார்ஜியா சதர்னிடம் சொந்த மண்ணில் 45-42 தோல்வி, மறுநாள் வேலை போனது. அக்டோபர் 1 வரை பொறுத்திருந்தால், ஒப்பந்தத்தை முறிக்க அவருக்குக் கொடுக்க வேண்டிய பையவுட் தொகை சுமார் 15 மில்லியன் டாலரிலிருந்து பாதியாகியிருக்கும். மூன்று வாரம் பொறுக்க முடியாமல் ஏழரை மில்லியன் அதிகம்.

"மாத்துங்க" என்று நிற்பவர்களிடம் நான் கேட்பது இரண்டே கேள்விகள். யாரை மாற்றுவது என்று தெரிகிறது, யாரைக் கொண்டுவருவது? வருபவர் தன் முறையை ஊன்ற எத்தனை வருஷம் கொடுப்பீர்கள்? சென்ற மாதம் அலுவலக நண்பர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். மூன்று தலைமுறையாக சீசன் டிக்கெட் வைத்திருக்கும் குடும்பம் அவருடையது. "யாரா இருந்தாலும் பரவாயில்லை" என்றார். பக்கத்திலிருந்த அவர் மகன் கல்லூரி முதலாண்டு. அவன் வாழ்நாளில் நெப்ராஸ்கா ஒரு கான்ஃபரன்ஸ் பட்டம்கூட வென்றதில்லை. கடைசிப் பட்டமே 1999. அவன் சொன்னான்: "அப்பா, ஒன்பது ஜெயிச்ச கோச்சை நீங்கதான் ரெண்டு தடவை அனுப்பிட்டீங்க." அவர் பதில் சொல்லவில்லை.

முடிவெடுத்தவர்களும் பிழைக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெடர்சனை 2007 அக்டோபரில் அனுப்பினார்கள். அணியைக் கட்டிக்காக்க ஆஸ்போர்னே அத்லெடிக் டைரக்டராகத் திரும்பி வர வேண்டியிருந்தது. பெலினியை அனுப்பிய ஷான் ஐக்கர்ஸ்ட் 2017-ல் போனார். ஒவ்வொரு தடவையும் புது டைரக்டர், புது கோச், புது ஆட்டப் புத்தகம். அழைத்து வந்த பையன்கள்தான் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். இப்போது வீரர்கள் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற வழிசெய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் இருப்பதால், கோச் மாறினால் பாதி அணி கிளம்பிவிடும். 2003-ஐ விட இன்று மாற்றத்தின் விலை கூடுதல்.

ரூல் வந்தபோது அணி தொடர்ந்து ஆறு சீசன் தோல்விக் கணக்கில் இருந்தது. முதல் வருஷம் 5-7. 2024-ல் 7-6, நியூயார்க்கில் பாஸ்டன் காலேஜை 20-15 என்று ஜெயித்த பின்ஸ்ட்ரைப் பவுல். 2016-க்குப் பிறகு அதுதான் முதல் பவுல் ஆட்டம். 2025-லும் 7-6. முன்னேற்றம் நின்றுவிட்டது என்பது உண்மை. தாக்கும் லைனும் தடுக்கும் லைனும் பெரிய அணிகளுக்கு எதிரே வளைகின்றன என்பதும் உண்மை. பெரிய அணிகளை ஜெயிக்கத் தெரியவில்லை என்ற புகாரை நான் மறுக்கவில்லை. அதை அவர் சரிசெய்தே ஆக வேண்டும், உதவி கோச்சுகளில் ஆள் மாற்றினாலும் சரி. ஆனால் பென் ஸ்டேட் தன் கோச்சை அனுப்பிவிட்டு ஆள் தேடியபோது, அங்கேயே விளையாடி வளர்ந்த இவர் பெயர்தான் முதலில் அடிபட்டது. அவர் லிங்கனிலேயே இருக்கக் கையெழுத்துப் போட்டார். அப்படி இருக்க விரும்புகிற ஒருவரை இந்த ஊர் எத்தனை தடவை பார்த்திருக்கிறது?

2026-ம் 2027-ம் அவருக்குக் கொடுங்கள். 2027 நவம்பரிலும் அயோவாவிடம் இப்படியே தோற்றால், அனுப்ப வேண்டும் என்று சொல்கிறவர்களோடு நானும் நிற்பேன். அன்றும் என் முதல் கேள்வி, அடுத்து யார் என்பதுதான். கருத்துகளில் பெயரோடு வாருங்கள், பேசலாம்.