கேண்டீன் வரிசைக்குப் பயிற்சித்தாள் உதவாது
'பாலர் பள்ளியில் விளையாடிக்கொண்டே இருந்தால் தொடக்கநிலை ஒன்றில் பிள்ளை எப்படிச் சமாளிக்கும்?' என்று, பாலர் பள்ளிகளில் பயிற்சித்தாளுக்குப் பதில் விளையாட்டு வழியே கற்பதைப் பற்றிய ஒரு கட்டுரையில் பெற்றோர் ஒருவர் கேட்டிருக்கிறார். சிங்கப்பூரில் 2019 முதல் தொடக்கநிலை 1, 2 வகுப்புகளில் மதிப்பெண்ணுக்கான தேர்வே இல்லையே! முதல் வாரத்தில் பிள்ளைகள் திணறுவது இடைவேளையில்தான்: கேண்டீன் வரிசையில் நின்று, வேண்டியதைக் கேட்டு, காசு கொடுத்து, மீதியை எண்ணி வாங்கி, மணி அடிப்பதற்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். கடை வைத்து விளையாடும் பிள்ளை இதைத்தானே பழகுகிறது?

தமிழுக்கும் அப்படித்தான். வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளைக்குக்கூட, பல்லாங்குழி ஆடும்போது 'எனக்கு இன்னும் ரெண்டு சோழி' என்று வாய் திறக்கிறது. ஆனால் ஆசிரியர் கூடவே உட்கார்ந்து பேச்சுக் கொடுக்க வேண்டும். பொம்மைகளைக் கொட்டிவிட்டு அவர் நகர்ந்துவிட்டால் (அப்படியும் சில இடங்களில் நடக்கிறது) அந்தப் பெற்றோரின் கவலை நியாயம்தான்.